பரூச்சுக்கு ஒத்திகை

சார்லஸ் கேட்ட கேள்விக்கு அறிவுமதி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஒரு மாசம் ட்ரையல் ரன் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற பெண்ணிடம் போய் மனசைத் திறந்தால் வேறென்ன பதில் வரும்? பெரிய தொழிற்சாலை கட்டுவதற்கு முன்னால் அதே மாதிரி சின்னதாக ஒன்று கட்டி, ஓடுகிறதா, ஒழுகுகிறதா, வெடிக்கிறதா என்று பார்ப்பார்கள். பைலட் பிளான்ட் என்று அதற்குப் பெயர். சிதம்பரத்தில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த அறிவுமதிக்கு அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே ஜாஸ்தி மார்க். சார்லஸ் அதே டிபார்ட்மென்ட்டில் ஒரு வருஷம் சீனியர். பைலட் பிளான்ட் அவனுக்கும் தெரியும். காதலுக்கும் அப்படி ஒன்று கட்டுவார்கள் என்றுதான் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இது நடந்தது 2008 ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்து எல்லாரும் ஹாஸ்டலுக்குத் திரும்பிய வாரத்தில். சார்லஸுக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்திருந்தது. குஜராத்தில் பரூச் என்று ஒரு ஊர். ஜூலையில் சேர வேண்டும். அறிவுமதிக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு சிதம்பரத்தில் பாக்கி இருந்தது. அவன் கேட்டது இவ்வளவுதான்: "நான் அவ்ளோ தூரம் போயிட்டா, நீ இங்கயே இருந்தா, அப்பவும் நாம சேந்து இருக்கலாமா மதி?"

அவனை முதல் இரண்டு வருஷம் அவள் 'சார்லஸ் அண்ணா' என்றுதான் கூப்பிட்டாள். ஜூனியர் பெண்கள் சீனியர் பையன்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும், அது அந்தக் காலேஜில் எழுதாத சட்டம். மூன்றாம் வருஷம் ஆரம்பித்த கொஞ்ச நாளில் அந்த அண்ணா காணாமல் போனதை முதலில் கண்டுபிடித்தவள் அவளுடைய ரூம்மேட் ரேகா. "அண்ணன எங்கடி தொலைச்ச?" என்று கேட்டுவிட்டு, தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

ரேகாவைப் பார்த்துத்தான் அறிவுமதிக்குப் பயமே. ரேகாவின் ஆள் ஹைதராபாத்தில் வேலையில் இருந்தான். ஹாஸ்டல் மாடிப்படியில் ஐந்தாவது படி ரேகாவுடையது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தால் மெஸ் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். சண்டை போட்ட வாரங்களில் சாப்பிடவே மாட்டாள். மூன்று பேப்பர் அரியர். அறிவுமதியின் அம்மா லோகநாயகி மங்கலம்பேட்டையில் சத்துணவு அமைப்பாளர். மகள் இன்ஜினியர் ஆகிவிட்டதாக இப்போதே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்த மகள் ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆவது? வேற்று மதத்துப் பையன் என்று அம்மாவிடம் சொல்கிற பெரிய வேலை வேறு இருந்தது, ஆனால் அதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்தாக வேண்டும்.

முடியாது என்று சொல்லிவிடவும் அவளால் முடியவில்லை. கடைசி செமஸ்டர் பிராஜெக்டுக்காக சார்லஸ் செம்மங்குப்பத்தில் ஒரு ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தான். கடலூர் ஓ.டி. என்கிற ஓல்ட் டவுனில் சொந்த வீடு, அங்கிருந்து தினமும் போய் வந்தான். சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறி சிதம்பரம் வந்துவிடுவான். இரண்டு பேரும் டீ குடிப்பார்கள், மேலவீதியில் ஒரு சுற்று நடப்பார்கள், ஆறு மணி பஸ்ஸில் அவன் திரும்பிவிடுவான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவளுக்கு மனசு லேசாகிவிடும். முடியாது என்று சொன்னால் அந்தச் சனிக்கிழமைகளும் போய்விடும். பாதி பாதியாக எதுவும் வேண்டாம் என்று இரண்டு பேருமே பேசி வைத்திருந்தார்கள்.

ஆகவே ஒத்திகை. பிப்ரவரி பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, மார்ச் ஒன்பது வரை சரியாக நாலு வாரம். அந்த நாலு வாரமும் சார்லஸ் பரூச்சில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பார்க்கக் கூடாது. தினமும் காலை ஏழே காலுக்கு இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு மிஸ்டு கால் என்றால் நல்லா இருக்கேன். இரண்டு என்றால் உடனே பேசணும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அரை மணி நேரம் பேச்சு. வாரம் ஒரு கடிதம். குஜராத்திலிருந்து கடிதம் வர ஐந்து நாளாவது ஆகும், கடலூர் கடிதமோ மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்துவிடும். அதனால் கடிதம் கைக்கு வந்தாலும் ஐந்து நாள் கழித்துத்தான் பிரிக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைப் போட்டவள் அறிவுமதி. கேட்டுவிட்டு சார்லஸ் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு சரி என்றான்.

லேப் ரெக்கார்டு நோட்டு ஒன்றை இதற்கென்றே எடுத்து வைத்தாள். முதல் பக்கத்தில் நோக்கம், செய்முறை எல்லாம் எழுதி, நாலு வாரத்துக்கும் கட்டம் போட்டாள். மிஸ்டு கால், தூக்கம், படிப்பு, அழுகை என்று நாலு பத்தி. கடைசிப் பக்கத்தில் 'முடிவு' என்று தலைப்பு எழுதி, கீழே காலியாக விட்டாள். ரேகா இதைப் பார்த்துவிட்டு, உனக்கெல்லாம் எவன்டி வந்து மாட்டினான் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் வாரம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல், இருந்த துணியையெல்லாம் துவைத்துப் போட்டாள். ஆனால் முதல் கடிதத்தைப் பிரித்த அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூம் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். 'பரூச், 11.2.2008' என்று மேலே தேதி போட்டு, பயல் நிஜமாகவே குஜராத்தில் இருக்கிற மாதிரி எழுதியிருந்தான். இங்கே பருப்பில் சர்க்கரை போடுகிறார்கள், வாயில் வைக்க முடியவில்லை. ரூம்மேட் பெயர் படேல், காலை ஐந்து மணிக்கு எழுந்து பாடுகிறான். கடலூரில் அடிக்கிற உப்புக் காற்று இங்கே இல்லாததால் சைக்கிள் துருப்பிடிப்பதில்லை, அது ஒன்றுதான் நிம்மதி. இப்படி மூன்று பக்கம். அவள் அன்றைய கட்டத்தில் 'சிரிப்பு' என்று ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கூத்து நடந்தது. அவளும் ரேகாவும் பழம் வாங்கிக்கொண்டிருந்தபோது, பிராஜெக்ட் கைடிடம் கையெழுத்து வாங்க வந்த சார்லஸ் எதிரிலேயே வந்து நின்றுவிட்டான். ரேகா சும்மா இருப்பாளா, "ஏய், ஒன் ஆளுடி" என்று விலாவில் இடித்தாள். அறிவுமதி வாழைப்பழத் தாரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். சார்லஸ் இரண்டடி தள்ளி நின்று, முன்பின் தெரியாதவன் மாதிரி, "எக்ஸ்கியூஸ் மீ மேடம், பரூச் பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டான். இங்கே நிக்காது, விழுப்புரம் போய் மாறணும் என்று அவளும் முகத்தை மாற்றாமல் சொன்னாள். பழக்கடைக்காரர், அது எந்தப் பக்கம் தம்பி, திட்டக்குடி தாண்டியா என்று அக்கறையாக விசாரித்தார். சார்லஸ் தேங்க்ஸ் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். ரூமுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் முடிவில் கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

எழுதாமல் விட்டது அது ஒன்று மட்டும் இல்லை. பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி ஹீட் டிரான்ஸ்ஃபர் டெஸ்ட் பேப்பர் கொடுத்தார்கள். ஐம்பதுக்குப் பதினேழு. நாற்பதுக்குக் கீழே மார்க் வாங்கிப் பழக்கமே இல்லாதவள். பேப்பரை நாலாக மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள். அன்றைக்கு 'படிப்பு' பத்தியில் என்ன எழுதுவது? பதினேழு என்று எழுதினால் கடைசிப் பக்கத்து முடிவு என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'பரவாயில்லை' என்று எழுதி நோட்டை மூடினாள்.

லேபில் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. வரவேண்டிய விடையைச் சீனியர் நோட்டில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ற மாதிரி ரீடிங்கைப் பின்னால் நிரப்புவார்கள். மூன்று வருஷமாக அப்படிச் செய்கிறவர்களைத் திட்டித் தீர்த்தவள் அறிவுமதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மார்ச் இரண்டாம் தேதி, நாலு மணிக்குப் பேசினார்கள். சார்லஸின் குரல் கொஞ்சம் களைத்த மாதிரி இருந்தது. பின்னால் சக்கரம் உருட்டுகிற சத்தமும் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. எங்கே இருக்கே என்றதற்கு, பரூச் ரயில்வே ஸ்டேஷன் என்றான். அவள் சிரித்தாள். லெட்டர் வந்துதா என்று கேட்டான். நேற்றே வந்துவிட்டது, வியாழக்கிழமைதான் பிரிப்பேன் என்றாள். சரி, வியாழக்கிழமையே படி என்றான் அவன். எல்லாம் நல்லா இருக்கா என்று அவன் கேட்க, எல்லாம் நல்லா இருக்கு என்று இவள் சொல்ல, உனக்கு என்று இவள் கேட்க, எனக்கும்தான் என்று அவன் சொன்னான். அரை மணி நேரம் பேச வேண்டியது பத்து நிமிஷத்தில் முடிந்தது.

புதன்கிழமை மத்தியானம் சித்தார்த்தை லைப்ரரி வாசலில் பார்த்தாள். சித்தார்த் சார்லஸின் பிராஜெக்ட் பார்ட்னர், இரண்டு பேரும் மச்சான் மச்சான் என்று ஒட்டிக்கொண்டே திரிவார்கள். அவன் சாதாரணமாக, சார்லஸ் அப்பா இன்றைக்கு எழுந்து உட்கார்ந்தாராமே என்றான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் சித்தார்த் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குமேல் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டான். சார்லஸின் அப்பா லூர்துசாமி போன புதன்கிழமை வீட்டு முருங்கை மரத்திலிருந்து விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, கடலூர் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். ஒரு வாரமாக சார்லஸ் அங்கேதான் கிடக்கிறான்.

ஒரு வாரம். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், இன்றைக்குக் காலை. ஏழு நாளும் ஏழே காலுக்கு ஒரே ஒரு மிஸ்டு கால். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று ஏழு தடவை. ஏழுக்கும் அவள் டிக் போட்டிருந்தாள்.

கோபத்தில் சித்தார்த்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். ரூமுக்குப் போய் ரெக்கார்டு நோட்டைப் பையில் திணித்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். கடலூர் வழியாக ரயில் ஓடாத வருஷம் அது. அகலப் பாதை போடுகிறோம் என்று தண்டவாளத்தையே பெயர்த்துப் போட்டிருந்தார்கள், கூட்டம் முழுக்க பஸ்ஸில்தான். நின்றுகொண்டே போனாள். நாற்பது கிலோமீட்டரில் இருந்துகொண்டே சொல்லாதவன், பரூச் போய் என்னத்தைச் சொல்லப் போகிறான்? அங்கே கை போனாலும் கால் போனாலும் ஒரு மிஸ்டு கால்தான் வரும். ஆலப்பாக்கம் தாண்டும்போது முடிவு பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. செம்மங்குப்பத்தில் கெமிக்கல் வாசனை பஸ்ஸுக்குள் வந்தபோது, தினமும் இந்த வாசனையோடுதானே வேலை முடிந்து போயிருப்பான் என்று தோன்றியது. அதை நினைத்து அழுகை வந்ததில் அவளுக்கு இன்னும் கோபம் ஜாஸ்தியானது.

எலும்பு வார்டில் லூர்துசாமியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் தான் விழுந்த கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார், படுத்தபடியே. ஐம்பத்தாறு வயசு, முருங்கைக் கிளை தாங்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் சொன்ன காரணம் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் மீன் கிடையாது, கறி கிடையாது, முருங்கைக்காய் சாம்பாராவது வைக்கலாம் என்றுதான் ஏறினாராம். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான அந்த அஞ்சு நாள் பொண்ணு?" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லூர்துசாமி சிரித்தார். லெட்டரை அஞ்சு நாள் கழித்துப் பிரிக்கிற ஒரு பொண்ணு என்பதைத் தவிர மகன் வெளிப்படையாக எதையும் சொல்லவில்லையாம். ஆனால் போன வாரங்களில் ராத்திரிச் சாப்பாட்டின்போது, குஜராத்துல என்னப்பா சாப்பிடுவாங்க, அங்கே ஆளுங்க பேரெல்லாம் எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு எழுதினானாம். படேல் என்று பெயர் வைத்துக் கொடுத்ததே இவர்தானாம். சாப்பாடு எடுத்துவரப் போயிருக்கிறான், உட்காரும்மா என்று ஸ்டூலைக் காட்டினார். இவ்வளவு நல்ல மனுஷரிடம் கோபத்தோடு உட்கார முடியாமல் அவள் வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள்.

சார்லஸ் டிபன் கேரியரோடு வந்தான். இளைத்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவள் பார்க்காமல் இல்லை. இருந்தாலும் விடவில்லை.

"ஏழு நாளு. ஏழு மிஸ்டு கால். எல்லாமே பொய்யி."

"லெட்டர்ல எழுதியிருந்தேனே மதி."

"எந்த லெட்டர்ல?"

"சனிக்கெழம வந்துச்சுன்னு சொன்னியே. அதுல."

அவள் பையைத் திறந்தாள். ரெக்கார்டு நோட்டின் நடுவில், ஒட்டியது ஒட்டியபடி, கடிதம் இருந்தது. ஓரத்தைக் கிழித்துப் பிரித்தாள். மேலே 'பரூச்' என்று எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் 'கடலூர், 28.2.2008' என்று எழுதியிருந்தான்.

'மதி, வெளையாட்டெல்லாம் இந்த வாரம் இல்ல. நேத்து அப்பா மரத்துலேர்ந்து விழுந்துட்டாரு. தொட எலும்பு முறிஞ்சிருக்கு, நாளைக்கு ஆபரேஷன். எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு மிஸ்டு கால் கொடுத்துடலாம்னு மூணு தடவ போன எடுத்தேன். கொடுத்தா நீ டெஸ்ட்ட விட்டுட்டு ஓடி வருவ. பரூச்லேர்ந்தா எப்படி வருவ? அதான் கொடுக்கல. நீ இத அஞ்சு நாள் கழிச்சுதான் படிப்ப. பரவால்ல. ஒருத்தர்கிட்ட சொல்லணும் போல இருந்துச்சு, அது நீதான்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். அவன் பயந்துகொண்டு எழுதிய எழுத்து நாலு நாளாக அவள் நோட்டுக்குள் மூடிக் கிடந்திருக்கிறது. அவன் விதியை மீறி உண்மையைச் சொல்லியிருக்கிறான், இவள் விதியைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்காமல் இருந்திருக்கிறாள். இவ்வளவு வெட்கம் அவளுக்கு அதுவரை எதிலும் வந்ததில்லை.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஹீட் டிரான்ஸ்ஃபர்ல பதினேழு."

"என்ன பதினேழு?"

"மார்க்கு. அம்பதுக்கு. பத்து நாளாவுது. ஒன்கிட்ட சொல்லல. நோட்லயும் மாத்தி எழுதிட்டேன்."

அவன் டிபன் கேரியரைக் கீழே வைத்தான். அவளும் பொய் சொன்னாள் என்பதைவிட, நோட்டில் மாற்றி எழுதினாள் என்பதுதான் அவனை உலுக்கியது. ரீடிங்கில் ஒரு புள்ளி தப்பினால் திரும்ப முதலிலிருந்து செய்கிறவள் அவள். "நீயா?" என்றான். "ஏன்?"

ஏன் என்று அவள் அதுவரை தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் படிக்கட்டில், ஆஸ்பத்திரி டெட்டால் வாசனையில், பதில் தானாக வந்தது. ஒரு விடை வந்தே தீர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்தான் ரீடிங்கை மாற்றி எழுதுவார்கள். இதை அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் அவனும் கெமிக்கல் இன்ஜினியர்தானே, அவனுக்கே புரிந்திருக்க வேண்டும். காது வரைக்கும் சிவந்துபோய் சுவரைப் பார்த்தான்.

அவள் நோட்டைத் திறந்து மடியில் வைத்தாள்.

"நம்ம கோடுலயே ஓட்ட இருக்கு சார்லஸ். ஒண்ணுன்னா நல்லா இருக்கேன், ரெண்டுன்னா ஒடனே பேசு. நல்லா இல்ல, ஆனா நீ ஒண்ணும் பண்ண வேணாம், தெரிஞ்சா மட்டும் போதும்னா என்ன கொடுக்கறது? அதுக்கு நம்மகிட்ட எதுவும் இல்ல. அதான் ரெண்டு பேரும் ஒண்ணயே கொடுத்துட்டோம்."

"மூணு வெச்சுக்கலாமா?" என்றான் அவன்.

மூணு என்று அவள் செய்முறைப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஐந்து நாள் விதியை அடித்தாள். படிப்பு பத்தியில் 'பரவாயில்லை'யை அடித்துவிட்டு 17/50 என்று எழுதினாள். அவன் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரின்னு சொல்றதுக்கு எத்தன மிஸ்டு காலு?" என்று கேட்டான். அதுக்கு இன்னும் நம்பர் போடல என்றாள் அவள். ஒத்திகையில் வருவது ஒத்திகை பதில்தான், நிஜமாக பரூச் போய்ச் சேர்ந்த பிறகு சொல்கிறேன் என்றாள். உள்ளேயிருந்து லூர்துசாமி, சாம்பார் ஆறிப் போவுதுடா என்று குரல் கொடுத்தார்.

மிச்சம் இருந்த நாலு நாளும் ஒத்திகை நடந்தது. வெள்ளிக்கிழமை காலை அடுத்த ஹீட் டிரான்ஸ்ஃபர் டெஸ்டுக்குப் போவதற்கு முன்னால் அவள் மூன்று மிஸ்டு கால் கொடுத்தாள். பதிலுக்கு ஒன்று வந்தது. அவன் போன் பண்ணவில்லை, தைரியம் சொல்லவில்லை. ஆனால் பயமாக இருப்பது ஒருத்தனுக்குத் தெரியும் என்கிற நினைப்போடு பரீட்சை எழுதுவது வேறு மாதிரி இருந்தது. அந்தத் தடவை முப்பத்தெட்டு வந்தது.

ஜூன் கடைசியில் அவன் கிளம்பினான். லூர்துசாமி கைத்தடி ஊன்றிக்கொண்டு கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். கட்டிக்கொடுத்த மகள் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்து கூட இருந்தாள், அதனால் தன்னைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பத்து தடவை சொன்னார். அங்கே முருங்கை மரம் இருந்தால் ஏறாதே என்று மகனுக்குப் புத்தி சொன்னார். சென்னை பஸ் கிளம்பும்போது அறிவுமதி, சார்லஸ் உட்கார்ந்திருந்த பக்கம் வந்து நின்றாள். அவன் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டினான், அவள் ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டாள்.

சென்னையிலிருந்து ஒன்றரை நாள் ரயில். ஜூலை இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கே அவள் ஹாஸ்டல் ஜன்னலோரம் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். தெரியாத ஊர், தெரியாத பாஷை, முதல் நாள் வேலை. எவனுக்கும் நல்லா இருக்காது. ஒரு மிஸ்டு காலோடு நின்றுவிட்டால், அவன் மறைக்க ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம்.

ஏழே காலுக்கு ஒன்று வந்தது. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேகாவும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். இரண்டாவது வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. உடனே பேச வேண்டிய அளவுக்கு என்ன ஆச்சோ என்று அவள் அவன் நம்பரை அழுத்தப் போனபோது, மூன்றாவது வந்தது.

அப்பாடா என்று அவள் சொன்னது ரேகாவுக்கே கேட்டது. அவன் நல்லா இல்லை என்று தெரிந்ததில் ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று ரேகா வாயைப் பிளந்தாள்.

அறிவுமதி பதிலுக்கு மூன்று கொடுத்தாள், ஏனென்றால் அவளும் நல்லா இல்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு நாலாவதாக ஒன்று கொடுத்தாள். ரெக்கார்டு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஐந்து மாசமாகக் காலியாகக் கிடந்த இடத்தில், முடிவு எழுதினாள்.

ஐந்து நாள் கழித்து நிஜமான பரூச் முத்திரையோடு கடிதம் வந்தது. வார்டன் மேஜை பக்கத்திலேயே நின்று, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல், அவள் அதைப் பிரித்தாள்.

'பரூச், 2.7.2008. மதி, நாலாவது கெடச்சுது. இங்க நெஜமாவே பருப்புல சர்க்கர போடுறாங்க.'